பதினேழாம் வீட்டுக்கு அம்புக்குறி இல்லை

எதிர்வீட்டு ஜன்னலில் அந்தச் சிவப்பு அட்டை நோட்டு நாலாவது நாளும் தெரிந்தபோது இபு முர்யாத்திக்கு இனி சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. தன்னை வேவு பார்க்கிறார்கள். பார்ப்பது வெனிங். பதினோராம் வகுப்புப் பெண், அவரிடமே சமூகவியல் படிக்கிறவள், தெருத்தலைவர் பாக் வகிமானின் ஒரே மகள். இபு வாசல் கதவைத் திறந்தால் அங்கே தலை நிமிர்கிறது. கீரை வாங்கிக்கொண்டு உள்ளே போனால் தலை குனிகிறது, பேனா ஓடுகிறது. துணி உலர்த்த வந்தாலும் அப்படித்தான். வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போய் வருஷத்துக்கு இரண்டு முறை வருகிற ஒரு பெண்பிள்ளை தனியாக இருக்கும் வீட்டைப் பார்த்து எதிர்வீட்டில் குறிப்பெழுதினால் அதற்கு என்ன அர்த்தம்? நல்ல அர்த்தமாக ஒன்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

சந்தேகம் அவருக்குப் புதிதல்ல. ரெம்பாங் கடற்கரையில் உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்கள், சாயங்காலம் அதே வாயால் மீன் வேண்டுமா என்று கேட்பார்கள். மலைமேல் இருக்கும் இந்தக் கலிவாருவில் யாரும் குரலை உயர்த்துவதே கிடையாது. புகையிலை காய்ந்தாலும் சிரிப்பு, நனைந்தாலும் சிரிப்பு. பெண் என்றால் இபு, ஆண் என்றால் பாக் என்று மரியாதை ஒட்டாமல் யாரையும் அழைக்க மாட்டார்கள். வழியில் பார்த்தால் "வாங்க இபு, வாங்க" என்பார்கள், ஆனால் எங்கே வரச் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். இவ்வளவு சிரிக்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று முதல் வருஷமே முடிவு கட்டிவிட்டார். அந்தத் தெருவில் வீடு வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. முடிவு மாறவில்லை.

இந்த வாரம் சந்தேகப்பட இன்னொரு வலுவான காரணமும் இருந்தது. பதின்மூன்று வருஷமாக அந்த மேல்நிலைப் பள்ளியில் அவர் ஒப்பந்த ஆசிரியை. ஒவ்வொரு ஜூலையும் வேலை இருக்கிறதா இல்லையா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிழைப்பு. இந்த வருஷம்தான் நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியலில் பெயர் வந்தது. அதில் சேராத ஒப்பந்தக்காரர்களை அடுத்த ஜூலையோடு வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள். எல்லாக் காகிதமும் தயார், ஒன்றைத் தவிர. அண்டை அயலாரோடு இவர் எப்படி வாழ்கிறார் என்று தெருத்தலைவர் தன் கைப்பட ஒரு வரி எழுதி முத்திரை குத்தித் தர வேண்டும். அதை வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால், பதினொரு மணிக்குள், மாவட்ட அலுவலகத்தில் சேர்க்க வேண்டும்.

ஒரே ஒரு வரி! அதற்காக மூன்று தடவை பாக் வகிமான் வீட்டுப் படியேறியாகிவிட்டது. முதல் தடவை முத்திரையின் மை காய்ந்துவிட்டது என்றார். இரண்டாம் தடவை முத்திரையே தம்பி வீட்டில் இருக்கிறது என்றார். மூன்றாம் தடவை சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்து, இந்த வருஷம் மழை எப்படி இருக்கும் என்று ஒரு மணி நேரம் பேசினார். பேச்சு காகிதத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் மேகத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இபு முர்யாத்தி சண்டையாவது போட்டிருப்பார். இப்படிப் பிடி கொடுக்காமல் நழுவுகிற ஆளை என்ன செய்வது? அப்பா காகிதத்தைத் தராமல் இழுத்தடிக்கிறார், மகள் நோட்டும் கையுமாக ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டையும் முடிச்சுப் போட அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நோட்டை எழுதச் சொன்னவரே அவர்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருந்தார். அவரவர் தெருவில் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குச் சமைத்த சாப்பாடு போகிறது என்று கவனித்துக் குறிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு வட்டம், சாப்பாட்டுக்கு ஒரு அம்புக்குறி. கண்ணால் பார்த்ததையும், தெருவில் கேட்டு விசாரித்ததையும் தனித்தனியாக எழுத வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் ஊரெல்லாம் தெருக்கள் இருக்கின்றன என்று நினைத்தவருக்கு, தானும் ஒரு தெருவில்தான் குடியிருக்கிறோம் என்பது தோன்றவில்லை.

அந்த வேலையைக் கொடுத்த அன்றைக்கு நடத்திய பாடம் சமூக நெறிகள். பதின்மூன்று வருஷமாக ஒரே மாதிரி நடத்துகிற பாடம். முறை, பழக்கம், ஒழுக்கம், மரபு என்று கரும்பலகையில் நாலு படி வரைவார். வாயைத் திறந்துகொண்டு மெல்லுவது முதல் படியில் தப்பு. இரண்டாம் படிக்குப் புத்தகத்தில் இருந்த உதாரணம் பிடிக்காமல் தன் ஊரிலிருந்தே ஒன்று வைத்திருந்தார். "பக்கத்து வீட்டுப் பாத்திரத்த நல்லா தேச்சுக் கழுவி, அன்னைக்கே திருப்பிக் குடுக்கணும். இது பழக்கம். எழுதிக்குங்க." முப்பத்துநாலு தலைகளும் ஆடும். முப்பத்துநாலு பேனாக்களும் அசையும். எந்த வருஷமும் ஒரு கை உயர்ந்ததில்லை.

பள்ளியிலும் அந்த வாரம் அவருக்கு நிம்மதியில்லை. புவியியல் ஆசிரியர் பாக் பிரசோஜோ, இதே மலையின் மறுபக்கத்துக்காரர், தினமும் தெம்பேவை, பொரித்த சோயாக் கட்டியை, நீட்டிக்கொண்டு "லெட்டர் வந்துருச்சா இபு முர்?" என்று கேட்டார். எதற்காக இந்த அக்கறை? தன் இடத்துக்கு இவர் மச்சினியோ யாரோ காத்திருக்கிறார்களோ? இபு தெம்பேவை எடுக்காமலே "வரும்" என்றார். வீட்டுக்கு வந்து ஜன்னல் திரையை இழுத்து விட்டு, அதில் ஒரு விரல் அளவு இடைவெளி வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்தார். யார் யாரை வேவு பார்க்கிறார்கள் என்று அந்த நேரத்தில் யாராவது தெருவில் நின்று கேட்டிருந்தால் பதில் சொல்லக் கொஞ்சம் சிரமப்பட்டிருப்பார்.

புதன்கிழமை நோட்டுகள் மேஜைக்கு வந்தன. சிவப்பு அட்டையைத்தான் முதலில் உருவினார். ஆசிரியர் அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. நடுப்பக்கத்தில் கலிவாரு மேல்தெரு அழகாக விரிந்திருந்தது. இருபத்து மூன்று வட்டங்கள், அவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக அம்புகள். வகிமான் வீடான நாலாம் வட்டத்திலிருந்து மட்டும் பதினொன்று கிளம்பின. கண் பழக்கத்தில் தன் வீட்டைத் தேடியது. பதினேழாம் வட்டம். அதற்குள் ஒரு அம்பு போகவில்லை, அதிலிருந்து ஒன்று வெளியே வரவில்லை. சுற்றிலும் வெள்ளைக் காகிதம்.

காது மடல் சூடாகிவிட்டது. அவமானம்தான் முதலில், அதன் பின்னாலேயே கோபம். இடைவேளையில் வெனிங்கைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்து கைகட்டி நின்றாள். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற பெண்.

"இது யார் சொல்லி எழுதினது?" என்று கேட்டார் இபு.

"நீங்கதான் இபு எழுதச் சொன்னீங்க."

"பதினேழாம் நம்பர யார் இப்படி வெறுமையா விடச் சொன்னது? உங்க அப்பாவா?"

"யாரும் சொல்லல இபு. ரெண்டு வாரம் பாத்தேன். நிஜமாவே ஒண்ணும் போகல, வரல." வெனிங் தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "ஒரு நாளாவது ஏதாவது வந்தா உடனே அம்பு போட்டுடலாம்னுதான் ஜன்னல்லயே உக்காந்திருந்தேன். கடைசிப் பக்கம் பாருங்க இபு. கேட்டு விசாரிச்சது அங்க இருக்கு."

கடைசிப் பக்கத்தில் நாலு வரி. பதினேழாம் வீட்டுக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று முறை சாப்பாடு போயிருக்கிறது, மூன்றும் நாலாம் வீட்டிலிருந்து. மூன்று முறையும் ஒரு மணி நேரத்துக்குள் பாத்திரம் பளபளவென்று கழுவித் திரும்பி வந்துவிட்டது. பிறகு அனுப்பவில்லை. காரணம்: அவர்களுக்கு நம் உறவு வேண்டாம்.

இபு முர்யாத்தி அந்தக் கடைசி வரியை இரண்டு முறை வாசித்தார். அந்த மூன்று நாட்களும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. வீட்டுக்குக் குடிவந்த முதல் மாதம். வெனிங்கின் அம்மா இபு மினார்னி மஞ்சள் சோறும் கோழியும் கொடுத்தனுப்பியிருந்தார். ரெம்பாங்காரி என்றால் மட்டமாக நினைத்துவிடக் கூடாது என்று இவர் சாம்பல் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, சூடு ஆறுமுன் கொண்டுபோய்க் கொடுத்தார். இபு மினார்னி வாங்கிக்கொண்டு பாத்திரத்துக்குள் பார்த்துவிட்டுச் சிரித்தார். மூன்றாம் தடவைக்குப் பிறகு எதுவும் வரவில்லை. வந்தவளை ஒதுக்குகிறார்கள் என்று இவர் ஜன்னலைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்துகிறாளே என்று அவர்கள் ஒதுங்கினார்கள்.

"கழுவாம குடுக்கறதா? அழுக்குப் பாத்திரத்தையா?" என்றார்.

"ஒரு ராத்திரியாவது நம்ம வீட்டுல இருக்கணும் இபு. அப்புறம் கழுவாமத்தான் குடுக்கணும். கழுவினா ஒட்டுறவையும் சேத்துக் கழுவியாச்சுன்னு அர்த்தம்."

"நான் வகுப்புல நேர்மாறா சொல்லும்போது நீ ஏன் கை தூக்கல?"

"டீச்சர மறுத்துப் பேசக்கூடாதே இபு. நீங்க சொன்ன மூணாவது படி அது."

பெண்ணை அனுப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சந்தேகம் அத்தனை சுலபத்தில் விட்டுவிடுமா? இதுவும் அப்பன் சொல்லிக்கொடுத்து மகள் எழுதிய கதையாக இருந்தால்? அந்த நேரம் பார்த்து பாக் பிரசோஜோ தெம்பேவோடு உள்ளே வந்தார். இபு முர்யாத்தி நேரடியாகவே கேட்டுவிட்டார், பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை உங்கள் ஊரில் கழுவிக் கொடுப்பீர்களா என்று.

"ஐயோ, அப்படிக் குடுத்தா சண்டை வந்துடும்" என்றார் அவர்.

"பதிமூணு வருஷமா நான் பக்கத்து வகுப்புல கத்திக் கத்திச் சொல்றது உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு. கடக்கரைப் பழக்கத்தச் சொல்றீங்க போலன்னு இருந்துட்டேன். நீங்களும் என்கிட்ட கேக்கலையே, இபு முர்." இந்தத் தடவை இபு ஒரு தெம்பே எடுத்துக்கொண்டார்.

இப்போது என்ன செய்வது என்பதுதான் பாக்கி. நேரே போய் விளக்கம் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் அப்படிச் சொன்னால், எட்டு வருஷமாக நீங்கள்தான் என்னைத் தப்பாக நினைத்தீர்கள் என்று முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும். இந்த ஊரில் அது கழுவிய பாத்திரத்தைவிட மோசம். வியாழக்கிழமை விடியலில் சந்தைக்குப் போனார். கடற்கரையிலிருந்து லாரியில் வரும் புகையிட்ட திருக்கை மீன் கிடைத்தது. பள்ளி விட்டு வந்து தேங்காய்ப்பால் ஊற்றி, மிளகாயைக் கணக்கில்லாமல் போட்டு, தன் ஊர் மங்குட் குழம்பு வைத்தார். வீட்டிலிருந்ததில் நல்ல பாத்திரம், நீலப்பூ போட்ட எனாமல் கிண்ணம், அதில் ஊற்றி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். பன்னிரண்டு எட்டு. கிண்ணம் ததும்பி விரலில் குழம்பு சிந்தியது.

"அடடா, எதுக்கு இபு இந்தச் சிரமம்" என்று இபு மினார்னி வாங்கிக்கொண்டார். சிரித்தார். எட்டு வருஷமாகப் பார்க்கிற அதே சிரிப்பு. அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. காகிதத்தைப் பற்றி இவரும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மாதிரி ஒரு சாயங்காலத்தை இபு முர்யாத்தி கழித்ததில்லை. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு எதிர்வீட்டுச் சமையலறைச் சத்தத்துக்குக் காது கொடுத்தார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பாத்திரங்கள் இடிபட்டன. எனாமல் சத்தமா அது? கழுவுகிறார்களா? இப்போதே திருப்பிக் கொண்டுவருவார்களா? கதவு திறந்தது. பாக் வகிமான் வெளியே வந்து கோழிக்கூண்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். குழாய் மறுபடியும் திறந்தது. படிப்பு, பட்டம், பதின்மூன்று வருஷ அனுபவம் எல்லாம் கடைசியில் ஒரு கிண்ணத்தைத் தேய்க்கிறார்களா இல்லையா என்பதில் வந்து நிற்கிறதே என்று அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. விளக்கு அணையும்வரை கிண்ணம் வரவில்லை. வராதது நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், ஆனால் முழுசாக நம்பவில்லை.

வெள்ளி காலை ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது. பாக் வகிமான் லுங்கியும் தொப்பியுமாக நின்றார். கையில் நீலப்பூ கிண்ணம், மேலே வாழை இலை மூடி. இபு வாங்கிக்கொண்டார். இலையைத் தூக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"கழுவல, இபு" என்றார் பாக் வகிமான் மெதுவாக.

இலையைத் தூக்கினார். ஓரமெல்லாம் காய்ந்த குழம்பு, அடியில் மிளகாய் விதை, ஒரு துண்டு திருக்கைக் குருத்தெலும்பு. நாற்பத்திரண்டு வயதில் அவ்வளவு அழகான அழுக்கை அவர் பார்த்ததில்லை. கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

பாக் வகிமான் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். முத்திரை இருந்தது. அதற்கு மேலே அவருடைய கோணல் கையெழுத்தில், 'இபு முர்யாத்தி அண்டை அயலாருடன் கலந்து பழகுகிறார்' என்று இருந்தது. முற்றுப்புள்ளி வைத்து, பக்கத்தில் இன்னும் ஒரு வார்த்தை. 'நேற்றிலிருந்து.'

"எனக்குப் பொய் எழுத வராது இபு" என்றார் அவர். "பழகுறாங்கன்னும் எழுத முடியல. பழகலன்னு எழுதி ஒரு டீச்சரம்மா வேலையக் கெடுக்கவும் மனசு வரல. அதான் மழையப் பத்தியே பேசிக்கிட்டிருந்தேன்."

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு வேறு எழுதித் தாருங்கள் என்று கேட்க இபு முர்யாத்தி வாயைத் திறந்தார். கையில் கிண்ணம் இருந்தது. வாயை மூடிக்கொண்டார். உள்ளே வந்து டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். பாக் வகிமான் உள்ளே வந்தார். அந்த வீட்டுக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை.

பாக் பிரசோஜோதான் மோட்டார் சைக்கிளில் மாவட்ட அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே வயதான குமாஸ்தா ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினார். உதடு அசைய வாசித்தார். இபுவை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொந்த ஊரு எது?" என்றார் குமாஸ்தா.

"ரெம்பாங், பாக்."

"குடியிருக்கிறது மலைமேலயா?"

"ஆமா. கலிவாரு. எட்டு வருஷமா."

குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "பாத்திரத்தக் கழுவிக் குடுத்துட்டீங்களா?"

"மூணு தடவ" என்றார் இபு முர்யாத்தி.

குமாஸ்தா முத்திரையை ஓங்கிக் குத்தி, காகிதத்தை மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். மணி பத்தரை ஆகியிருந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும், மூன்று வாரத்துக்கு முன்னால் எழுதிய நெறிகள் பாடத்தைத் திறக்கச் சொன்னார் இபு. இரண்டாம் படிக்குத் தான் சொன்ன உதாரணம் தப்பு, இங்கே அது பழக்கமே இல்லை, எல்லோரும் அதை அடித்துவிடுங்கள் என்றார். ஒரு பேனாவும் அசையவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வெனிங் எழுந்து நின்றாள்.

"நாங்க யாரும் அத எழுதவே இல்ல, இபு."

முன்வரிசை நோட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். பக்கத்து நோட்டையும் எடுத்தார். முறை, ஒழுக்கம், மரபு எல்லாவற்றுக்கும் உதாரணம் இருந்தது. இரண்டாம் படிக்கு எதிரே வெற்றிடம். பழைய சந்தேகம் சட்டென்று தலைதூக்கியது.

"வேற என்னெல்லாம் நான் சொல்லி நீங்க எழுதாம விட்டிருக்கீங்க?"

முப்பத்துநாலு முகங்களும் சிரித்தன. அதே சிரிப்பு. இபு முர்யாத்தி சாக்பீஸைக் கீழே வைத்தார், நாற்காலியை முன்வரிசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"சொல்லுங்க" என்றார். "நான் எழுதிக்கிறேன்."